துக்க லீவும் ‘அவர் உனக்கு என்ன வேணும்?’ என்ற கேள்வியும்

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் நான் மேனேஜராகச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. ரூம் பாய் ஒருவன், தங்கச்சிமடத்துப் பையன், காலை ஆறு மணிக்குக் கவுன்டர் முன்னால் வந்து நின்றான். ராத்திரி வல்லத்தில் கடலுக்குப் போனவன் ஒருவன் இறந்துவிட்டான், உடலைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், இரண்டு நாள் லீவு வேண்டும் என்றான். நான் கேட்ட முதல் கேள்வி, “அவரு உனக்கு என்ன வேணும்?” என்பதுதான்.

“சொந்தம்னு ஒண்ணும் இல்ல சார். கூட்டாளி.”

மறுநாள் ஆடி அமாவாசை. ஒரு ரூம்கூடக் காலி இல்லை. அரை நாள் கொடுத்தேன், அதுவும் சம்பளப் பிடித்தத்தோடு. அவன் எதுவும் பேசவில்லை, சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். மதியம் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து வேலையைத் தொடங்கினான். சாயங்காலம்தான் கவனித்தேன், வந்த பெட்டிகளையெல்லாம் இடது தோளிலேயே தூக்குகிறான். வலது தோள் வீங்கியிருந்தது. சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் அவனும் ஒருவன். கல்லறை வரைக்கும் ஆள் மாற்றாமல் போயிருக்கிறான்.

கூட்டாளி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே வல்லத்தில் ஒரே வலையை இழுத்தவர்கள். அலை தூக்கிப் போட்டால் முதலில் கை நீட்டுகிறவன் அவன்தான், அண்ணன் தம்பி கரையில்தான் இருப்பார்கள். ஆனால் லீவு ரிஜிஸ்டரில் ‘உறவு’ என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் கூட்டாளி என்று எழுத வழியில்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். இந்தக் கட்டுரை அந்த ஒரு கட்டத்தைப் பற்றித்தான்.

ராமேஸ்வரத்தின் பிழைப்பில் பாதி இறந்தவர்களுக்குச் செய்யும் காரியத்தில்தான் ஓடுகிறது என்பது இதில் இன்னொரு வேடிக்கை. தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை மூன்றுக்கும் அக்னி தீர்த்தக் கரையில் நிற்க இடம் இருக்காது. அந்தப் பக்கம் தேவிபட்டினத்திலும் சேதுக்கரையிலும் அதே கூட்டம். அப்பாவுக்குப் பிண்டம் வைக்க எங்கிருந்தோ இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வருகிறவருக்கு விடியற்காலை வெந்நீர் வாளி கொண்டுபோய்க் கொடுக்கிற பையன், தன் அப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க லீவு கேட்டால் கிடைக்காது, ஏனென்றால் அன்றைக்குச் சீசன். நானே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன், அமாவாசைக்கு முன்னும் பின்னும் யாரும் லீவு கேட்கக் கூடாது என்று.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் தனியார் நிறுவனங்களுக்கு ‘துக்க விடுப்பு’ என்று தனியாக ஒன்றைக் கட்டாயமாக்குகிற மத்திய சட்டம் கிடையாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 240 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது. இரண்டிலும் சாவு என்ற காரணம் தனியாக வரவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, கொஞ்சம் பரவாயில்லை: வருடாந்திர விடுப்பு 12 நாள், உடம்பு சரியில்லாததற்கு 12 நாள், இவை போக ‘நியாயமான எந்தக் காரணத்துக்கும்’ தற்செயல் விடுப்பு 12 நாள். சாவைவிட நியாயமான காரணம் என்ன இருக்கிறது? ஆனால் கடையில் நிற்கிற எத்தனை பேருக்கு இந்தப் பன்னிரண்டு தெரியும் என்று பஜாரில் நான்கு பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆக, துக்க லீவு என்று ஒன்று இருந்தால் அது அந்தந்த நிறுவனம் தானாக எழுதிக்கொண்டதுதான். நான் பார்த்தவற்றில் 3 நாள் கொடுப்பவை அதிகம், 5 நாள் என்றால் தாராளம். கூடவே ‘இமீடியட் ஃபேமிலி’க்கு மட்டும் என்று ஒரு வரி இருக்கும்: அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள். சிலவற்றில் உடன்பிறந்தவர்கள் உண்டு. மாமனார் மாமியார் பலவற்றில் இல்லை. இத்தனைக்கும் மாமியார் படுத்த படுக்கையாக இருந்த காலம் முழுவதும் கழுவித் துடைத்தவள் மருமகளாகத்தான் இருப்பாள். இந்தப் பட்டியல் எங்கேயோ வேறு மாதிரிக் குடும்பத்துக்காக எழுதப்பட்டு, காப்பி எடுத்து இங்கே கொண்டுவந்து ஒட்டப்பட்டது.

என் சொந்த அனுபவம் ஒன்று. லாட்ஜுக்கு வருவதற்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஊரில் பெரியம்மா இறந்துபோனார். அம்மா சீக்காளி என்பதால் எனக்குச் சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, பரீட்சைக்கு ராத்திரி கண் விழித்துக் காப்பி போட்டுக் கொடுத்தது எல்லாம் அவர்தான். எச்ஆரில் இருந்த பெண் நல்ல பெண், மரியாதையாகத்தான் கேட்டாள்: “பெரியம்மான்னா ஆன்ட்டியா சார்? ஆன்ட்டி பாலிசியில வரலையே.” பெரிய அம்மா என்று சொல்லிலேயே அம்மா இருக்கிறாள், அதை ஆன்ட்டி என்று மாற்றியவுடன் அவள் பட்டியலுக்கு வெளியே போய்விட்டாள். சம்பளம் இல்லாத லீவில் போனேன். ராத்திரி ரயில், காலையில் இறங்கி ஆட்டோ, அதற்குள் எடுத்துவிட்டார்கள்.

நம் முறைகளே அப்படி. அப்பாவின் அண்ணன் தம்பி எல்லாரும் அப்பாதான், அம்மாவின் அக்கா தங்கை எல்லாரும் அம்மாதான். தாய்மாமன் இருக்கிறாரே, காது குத்திலிருந்து கடைசி வரை அவருக்கு ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். கணவனை இழந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடித்துணி கொண்டுபோக வேண்டும்; அதைக் கொண்டுபோக வேண்டிய அண்ணன் தம்பி, “எனக்கு லீவு இல்ல” என்று சொன்னால் அந்தப் பேச்சு இருபது வருடம் ஊரில் கிடக்கும். ஆனால் பாலிசியைப் பொறுத்தவரை செத்தது மச்சான். மச்சானுக்கு லீவு இல்லை.

ஆபீஸ்களில் ஒரு பழைய கிண்டல் உண்டு, “இவனுக்கு எத்தனை பாட்டிடா சாவாங்க?” என்று. லீவுக்காகப் பாட்டியைக் கொல்கிறவர்கள் இருக்கிறார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள்: அப்பத்தா, அம்மாச்சி, அப்பத்தாவின் தங்கை, தாத்தாவுக்கு இரண்டாம் தாரம் இருந்தால் அவர். நான்கு பாட்டி சாதாரணமாக வந்துவிடும். மூன்றாவது பாட்டிக்கு லீவு கேட்டவன் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டுவதற்கு முன் அவன் வீட்டு வாசலில் யார் படுத்திருந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது நியூசிலாந்துச் சட்டம். 2003ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டத்தில், நெருங்கிய குடும்பத்தில் சாவு என்றால் 3 நாள். அந்தப் பட்டியலுக்கு வெளியே யார் இறந்தாலும், இவருக்கு அது இழப்புதான் என்று முதலாளி ஏற்றுக்கொண்டால் 1 நாள். ஏற்றுக்கொள்வதற்கு எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறார்கள்: இருவருக்கும் எவ்வளவு நெருக்கம், இறுதிக் காரியங்களில் இவர் தலையில் விழுகிற பொறுப்பு என்ன, இவருடைய வழக்கப்படி இவர் செய்ய வேண்டியது என்ன. ரத்தத்தையே கேட்கவில்லை. அந்த மூன்று கேள்வியும் அன்று என் வாயில் வந்திருந்தால் தங்கச்சிமடத்துப் பையன் மூன்றுக்கும் பதில் வைத்திருந்தான்.

அதற்கு நியூசிலாந்து வரைக்கும் போக வேண்டியதும் இல்லை. இந்தக் கரையில் பல மீனவ கிராமங்களில் ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. செத்தவர் யாருக்கு என்ன வேணும் என்ற விசாரணையே கிடையாது, படகெல்லாம் கரையில் நிற்கும், அடக்கம் முடிந்த பிறகுதான் மற்றது. இதைப் பெருமையாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளவும் எனக்கு மனசு வரவில்லை. கடலுக்குப் போகாத நாளில் பங்கும் கிடையாது, அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிய வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் வேறு முடிந்து, முதல் வாரத்திலேயே ஒரு சாவு விழுந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். யாரையும் விட்டுவைக்காத லீவு அவர்களிடம் இருக்கிறது, சம்பளம் மட்டும் இல்லை. ஆபீசில் இருப்பவர்களுக்குச் சம்பளத்தோடு லீவு இருக்கிறது, ஆனால் நாலே நாலு உறவுக்கு.

அப்புறம் நாள் கணக்கு. ‘தொடர்ச்சியாக 3 நாள், இறந்த தேதியிலிருந்து’ என்று எழுதியிருப்பார்கள். துக்கம் எங்கள் பக்கம் தொடர்ச்சியாக வருவதில்லை. இந்து வீடுகளில் எடுத்த மறுநாள் பால் தெளிப்பு என்று ஒன்று, பிறகு பதினாறாம் நாள் காரியம், அப்புறம் தலைத் திதி. கிறிஸ்தவர் வீடுகளில் முப்பதாம் நாள் பூசை, வருடத் திருப்பலி, நவம்பர் 2 கல்லறைத் திருநாள். முஸ்லிம் வீடுகள் பலவற்றில் மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் ஓதுவது உண்டு. முதல் 3 நாளோடு லீவு தீர்ந்துபோனால் பதினாறாம் நாளுக்கு மறுபடியும் பாட்டியைத்தான் கொல்ல வேண்டும். தைவானில் பெற்றோருக்கும் கணவன் மனைவிக்கும் 8 நாள், தாத்தா பாட்டிக்கு 6 நாள், உடன்பிறந்தவர்களுக்கு 3 நாள் என்று வைத்திருக்கிறார்கள். முக்கியமானது அதுவல்ல, அந்த நாள்களை 100 நாளுக்குள் பிரித்துப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான். கம்பெனிக்கு ஒரு நாள்கூடக் கூடுதல் செலவில்லாத மாற்றம் இது. ‘தொடர்ச்சியாக’ என்ற ஒரு சொல்லை அடித்துவிட்டால் போதும்.

இறந்த தேதியிலிருந்து எண்ணுவதிலும் கோளாறு இருக்கிறது. கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் என்று இந்தக் கரை நெடுக வளைகுடாவில் வேலை பார்க்கிற ஆள் இல்லாத தெரு இல்லை. அங்கே ஒருவர் இறந்தால் காகிதம் எல்லாம் முடிந்து உடல் விமானம் ஏறவே நாள் கணக்காகும். சிலரை அங்கேயே அடக்கிவிடுவார்கள், ஊரில் உடல் இல்லாமல் காயிப் ஜனாஸா தொழுவார்கள். இங்கே மகன் ஆபீசில் எடுத்த 3 நாள் லீவு, பெட்டி மதுரையிலோ திருச்சியிலோ இறங்குவதற்கு முன்பே முடிந்திருக்கும்.

வளைகுடா என்றதும் இன்னொன்று. கணவனை இழந்த முஸ்லிம் பெண் வீட்டோடு துக்கம் காக்கிற இத்தா 4 மாதம் 10 நாள். சவூதி அரேபியத் தொழிலாளர் சட்டம் அந்த 4 மாதம் 10 நாளையும் முழுச் சம்பளத்தோடு கொடுக்கச் சொல்கிறது. முஸ்லிம் அல்லாத பெண்ணுக்கு 15 நாள். பாகிஸ்தானில் அரசு வேலையில் இருக்கும் பெண்ணுக்கு 130 நாள் வரை உண்டு. அமீரகத்தில் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவனோ மனைவியோ இறந்தால் 5 நாள், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை என்றால் 3 நாள். ஆக, கீழக்கரைக்காரர் ஒருவர் ரியாத்தில் வேலை பார்த்தால் அந்த நாட்டின் சட்டத்தில் இத்தாவுக்கு இடம் இருக்கிறது; அவர் மனைவி ஊரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தால் அந்தப் பள்ளியின் விதியில் இத்தா என்ற சொல்லே இருக்காது. ஒன்று வேலையை விட வேண்டும், இல்லையென்றால் இத்தாவைப் பாதியில் முடித்துக்கொண்டு வர வேண்டும். நான்கு மாதமும் சம்பளம் கொடுக்கச் சின்னப் பள்ளிக்குக் கட்டுப்படியாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சம்பளம் இல்லாமலாவது அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கலாமே, வேறு ஆளைப் போட்டுவிட்டு “அடுத்த வருஷம் பார்க்கலாம்மா” என்று சொல்லாமல்.

சான்றிதழுக்கு வருவோம். “டெத் சர்டிபிகேட் கொண்டா” என்பது எல்லா இடத்திலும் கேட்கிற பாட்டு. இறப்பைப் பதிவு செய்யவே சட்டம் 21 நாள் தருகிறது, ஆபீஸ் மூன்றாம் நாளே கேட்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் கடல். கடலில் காணாமல் போனவருக்குச் சான்றிதழ் கிடையாது. ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயல் பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையே அள்ளிக்கொண்டு போன ஊர் இது. உடல் கிடைக்காத சாவு எங்களுக்குப் புதிதில்லை. படகு திரும்பவில்லை என்றால் முதல் இரண்டு நாள் தேடுவார்கள், பிறகும் தேடுவார்கள், ஒரு கட்டத்தில் அந்த வீட்டுப் பெண்கள் கரைக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். அந்த வீட்டு மகள் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தால் அவளுக்கு எந்தத் தேதியிலிருந்து லீவு? காணாமல் போன புகாரின் நகல், கடலுக்குப் போகும்போது வாங்கிய மீன்வளத் துறை டோக்கன், ஊர்த் தலைவர் கொடுக்கிற ஒரு கடிதம், இதில் ஏதாவது ஒன்று போதும் என்று விதியில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கரு கலைந்த பெண்களின் விஷயம் இதைவிட மறைவாக நடக்கிறது. கருச்சிதைவுக்குச் சம்பளத்தோடு 6 வார விடுப்பு 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டத்திலேயே இருக்கிறது, புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. மத்திய அரசு 2022இல் தன் பெண் ஊழியர்களுக்கு, குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்தவுடன் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு என்று உத்தரவு போட்டது. இருந்தும் எங்கள் லாட்ஜில் பில் போடுகிற பெண் மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது ‘வயிற்று வலி, 2 நாள்’ என்று எழுதிக் கொடுத்தாள். லீவு ரிஜிஸ்டர் கவுன்டரில் திறந்து கிடக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். அதில் உண்மையை எழுத எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? அவள் கணவனுக்கோ எழுதுவதற்குக்கூட ஒன்றும் இல்லை. நியூசிலாந்து 2021இல் கரு கலைந்தால் பெண்ணுக்கும் அவள் துணைக்கும் 3 நாள் என்று சட்டம் போட்டது. பிரிட்டனில் 2020 முதல் 18 வயது ஆகாத பிள்ளையை இழந்தவர்களுக்கும், 24 வாரத்துக்குப் பிறகு குழந்தை இறந்து பிறந்தால் அந்தப் பெற்றோருக்கும் 2 வாரம்.

உறவைக் கேட்காதே, பொறுப்பைக் கேள் என்று இத்தனை நேரம் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த வழியும் சிலரைக் கைவிடும். பொறுப்பே கொடுக்கப்படாதவர்கள் இருக்கிறார்கள். வளர்ப்பு மகளாகத் தன்னை ஏற்றுக்கொண்ட மூத்த திருநங்கை இறந்துபோனால், பல வருடம் எட்டிப் பார்க்காத பிறந்த வீட்டார் வந்து உடலை எடுத்துக்கொண்டு போவார்கள், மகள் தெருமுனையில் நிற்பாள். சேர்ந்து வாழ்ந்த இரண்டு ஆண்களில் ஒருவர் இறந்தால் மற்றவர் ‘ஃபிரெண்டு’ என்ற பெயரில் மாலை போட்டுவிட்டு வர வேண்டும். கொள்ளி போடுவதும் கிடையாது, கோடி போடுவதும் கிடையாது, ஆனால் வீடு காலியானது இவருக்குத்தான். குடும்பம் என்பது ஒரே அச்சில் இருக்காது, திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழ்பவர்களும் தன்பாலின இணையர் போன்ற பால்புதுமையினரும் குடும்பம்தான் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 2022இல் ஒரு செவிலியரின் மகப்பேறு விடுப்பு வழக்கிலேயே சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் 2025இல், தானே தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்தை ஏற்றுப் பேசியது. ஆபீஸ் படிவம் இன்னும் அங்கே வரவில்லை. இவர்களிடம் உறவையும் கேட்கக் கூடாது, சான்றையும் கேட்கக் கூடாது. கேட்டால் சொல்ல முடியாததைச் சொல்ல வைக்கிறோம்.

முதலாளிகள் சொல்கிற ஒரே பதில், எல்லாருக்கும் கொடுத்தால் கடையை மூட வேண்டியதுதான் என்பது. ஒரு கணக்குப் போட்டேன். 40 பேர் வேலை பார்க்கிற இடம், ஆளுக்கு வருடம் 300 வேலை நாள், மொத்தம் 12,000. வருடத்துக்கு ஆளுக்கொரு சாவு என்று மிகையாகவே வைத்து, ஒவ்வொருவரும் 5 நாள் எடுத்தாலும் 200 நாள். நூற்றுக்கு இரண்டுகூட வரவில்லை. கரண்ட் போய் ஜெனரேட்டர் மக்கர் பண்ணும் நாளில் அதைவிட நஷ்டம். உண்மையான சிரமம் சீசன் நாளில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் போவதுதான், அதற்குப் பக்கத்து லாட்ஜோடு ஆள் மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்துகொள்ளலாம், நாங்கள் செய்தோம்.

இதெல்லாம் மாதச் சம்பளக்காரர்களுக்கு. ஐஸ் பிளான்டில் கட்டி உடைப்பவருக்கும், இறால் தலை கிள்ளும் பெண்களுக்கும், கான்ட்ராக்டரிடம் நாள் கூலிக்கு வரும் துப்புரவுப் பணியாளருக்கும் இந்தப் பேச்சே அன்னியம். அவர்களுக்கு லீவு என்றால் கூலி இல்லாத நாள். எந்த விதி எழுதினாலும் முதல் வரியில் ‘நிரந்தரப் பணியாளர்களுக்கு’ என்று இருந்தால் மேலே நான் எழுதியது அத்தனையும் வீண்.

எங்கள் ரிஜிஸ்டரில் இப்போது ‘உறவு’ கட்டம் இல்லை. முதலாளியிடம் பேசி மாற்றினேன், அவர் பெரிதாக மறுக்கவும் இல்லை. இறந்தவர் பெயர் என்று மட்டும் ஒரு கட்டம், விருப்பமிருந்தால் எழுதலாம். வருடத்துக்கு 5 நாள், பிரித்து எடுத்துக்கொள்ளலாம், தினக்கூலிக்கு வருகிறவர்களுக்கும் உண்டு. ரிஜிஸ்டர் இப்போது என் மேஜை டிராயருக்குள் இருக்கிறது. புதுப் பக்கத்தில் முதலில் எழுதியது துணி துவைக்க வருகிற சின்னப்பாலத்து அக்கா. பெயரை எழுதிவிட்டு, நான் கேட்காமலேயே பக்கத்தில் ‘கூடப் பாசி எடுக்கப் போனவ’ என்று கிறுக்கியிருந்தார். மூன்று நாள் கேட்டார். இரண்டை எடுத்துக்கொண்டு, ஒன்றை முப்பதாம் நாள் பூசைக்கு வைத்திருக்கச் சொன்னார்.